தெலோனியஸ் மங்க்

தெலோனியஸ் ஸ்ஃபியர் மங்க் (அக்டோபர் 10, 1917 – பெப்ரவரி 17, 1982) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். 1940களில் நியூ யார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் உருவான பீ-பாப் என்னும் ஜாஸ் பாணியின் தோற்றுநர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். எனினும் இவரது வாசிப்பு அப்பாணியின் பொது இயல்புகளுக்குள் அடங்குவதன்று. பீ-பாப் கலைஞர்கள் பலர் விரைவையும் சுரச்செறிவையும் நாடிய காலத்தில், மங்க் சுரங்களைக் குறைத்து, இடைவெளிகளையும் மௌனத்தையும் இசையின் உறுப்புகளாக ஆக்கினார்.

இவர் இயற்றிய உருப்படிகள் ஏறத்தாழ 70 மட்டுமே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளை இயற்றிய டியூக் எலிங்டனுக்கு அடுத்தபடியாக, பிற ஜாஸ் கலைஞர்களால் மிகுதியாக ஒலிப்பதிவு செய்யப்பட்டவை மங்கின் ஆக்கங்களே எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. 'ரவுண்ட் மிட்நைட்', 'புளூ மங்க்', 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்', 'ரூபி, மை டியர்', 'வெல், யூ நீட்ண்ட்', 'எபிஸ்ட்ரஃபி' ஆகியன இன்று ஜாஸ் பயிலும் மாணவர்கள் தவறாது கற்பவை.

இளமை

மங்க் வட கரோலினா மாநிலத்தின் ராக்கி மவுண்ட் என்னும் ஊரில் பிறந்தார். 1922 ஆம் ஆண்டில் இவரது குடும்பம் நியூ யார்க்கின் மன்ஹாட்டன் பகுதிக்குக் குடிபெயர்ந்து, மேற்கு 63 ஆம் தெருவில் வசிக்கலாயிற்று. தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மங்க் அத்தெருவிலேயே கழித்தார். சிறு வயதிலேயே பியானோ வாசிக்கத் தொடங்கிய இவர், சில காலம் ஆசிரியரிடம் முறையான பாடமும் கற்றார். இசை பயிலாத ஒருவர் தற்செயலாகக் கண்டெடுத்த நடை என்று இவரது வாசிப்பைச் சிலர் பிற்காலத்தில் எழுதியது சரியன்று. பதின்ம வயதில் பள்ளிப் படிப்பை விட்டு, கிறித்தவ மதப் பரப்புரையாளர் ஒருவருடன் ஊர் ஊராகச் சென்று வழிபாட்டுக் கூட்டங்களில் வாசித்தார்.

மின்டன்ஸ் பிளேஹவுஸ்

1940களின் தொடக்கத்தில், ஹார்லெமின் மேற்கு 118 ஆம் தெருவில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்னும் கேளிக்கை விடுதியில் மங்க் நிலையான பியானோ கலைஞராக அமர்த்தப்பட்டார். டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க்கும் அங்கே பணியாற்றினார். பெரிய நடன இசைக்குழுக்களில் ஊதியத்துக்கு வாசித்த கலைஞர்கள், பணி முடிந்த பின் இரவில் இங்கே கூடித் தம் விருப்பம்போல் வாசிப்பர். டிசி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர், சார்லி கிறிஸ்டியன் முதலியோர் இவ்வாறு வந்து சென்றவர்கள். புதிய சுரக்கூட்டுகளும் (ஒரே வேளையில் ஒலிக்கும் பல சுரங்களின் தொகுதி) புதிய தாள அமைப்புகளும் இக்கூட்டங்களில் சோதிக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றின் ஊற்றாக மங்க் இருந்தார். ஆனால் பீ-பாப் மக்களிடையே பரவியபோது கில்லெஸ்பியும் பார்க்கரும் அதன் முகங்களாயினர். மங்கின் பெயர் கலைஞர் வட்டத்துக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை.

1944 ஆம் ஆண்டில் சாக்சபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் மங்கைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். மங்கின் முதல் ஒலிப்பதிவுக் கூடப் பதிவுகள் இக்குழுவுடன் செய்யப்பட்டவையே. அதே ஆண்டில் டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்சின் இசைக்குழு 'ரவுண்ட் மிட்நைட்' உருப்படியை முதன்முதலாக இசைத்தட்டில் பதிவு செய்தது. அதன் ஆக்குநர் உரிமையில் வில்லியம்சின் பெயரும், பின்னர் அதற்குப் பாடல்வரிகள் எழுதிய பெர்னி ஹனிகெனின் பெயரும் சேர்க்கப்பட்டன. ஜாஸ் கலைஞர் ஒருவர் இயற்றியவற்றுள் மிகுதியாகப் பதிவு செய்யப்பட்ட உருப்படிகளில் ஒன்றான இதன் வருவாயை மங்க் ஏனையோருடன் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது.

தம் சொந்தப் பெயரில் மங்க் பதிவு செய்தது 1947 அக்டோபரில், புளூ நோட் நிறுவனத்துக்காகத்தான். அப்போது இவருக்கு வயது 30. 1952 வரை நீடித்த இப்பதிவுகளில் இவரது புகழ்பெற்ற உருப்படிகள் பல முதல் முறையாக இடம்பெற்றன. நிறுவனம் இவரை 'பாப் இசையின் தலைமைக் குரு' என்னும் பொருள்பட விளம்பரம் செய்தும் இசைத்தட்டுகள் போதிய அளவு விற்கவில்லை. விமரிசகர்கள் சிலர் இவருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது என்றே எழுதினர்.

உரிம அட்டை பறிப்பு

1940 முதல் 1967 வரை நியூ யார்க் நகரில் மதுபானம் பரிமாறும் விடுதிகளில் பணியாற்றும் எவரும் காவல்துறையிடம் கைரேகை பதிந்து 'கேபரே அட்டை' என்னும் உரிம அட்டை பெற வேண்டியிருந்தது. பாடகரும் வாத்தியக் கலைஞரும் மட்டுமன்றி, சமையற்காரரும் உணவு பரிமாறுவோரும் இதற்கு உட்பட்டவர்களே. குற்ற வழக்கில் சிக்கியவரின் அட்டையைக் காவல்துறை பறித்துக்கொள்ளலாம். ஜாஸ் கலைஞர்களுக்கு விடுதிகளே முதன்மையான பிழைப்பிடமாக இருந்தமையால், அட்டை இழப்பு தொழில் இழப்புக்கு நிகராயிற்று. பாடகி பில்லி ஹாலிடே, சார்லி பார்க்கர் ஆகியோரும் இதனால் பாதிக்கப்பட்டவர்களே.

1951 ஆகஸ்டில், நிறுத்தப்பட்டிருந்த மகிழுந்து ஒன்றில் மங்கும் அவர் நண்பரும் பியானோ கலைஞருமான பட் பவலும் இருந்தபோது காவலர் சோதனையிட்டு, சிறு அளவில் ஹெராயின் போதைப்பொருளைக் கண்டெடுத்தனர். அது பவலுடையது எனப் பரவலாக நம்பப்படுகிறது. பவல் அதற்கு முன்பே காவலர் தாக்குதலுக்கும் மனநல மருத்துவமனைச் சிறைவைப்புக்கும் ஆளாகி நலிந்திருந்தவர். நண்பருக்கு எதிராகச் சாட்சி கூற மங்க் மறுத்தார். இதன் விளைவாக 60 நாட்கள் சிறையிலிருந்தார். உரிம அட்டையையும் இழந்தார்.

அடுத்த ஆறு ஆண்டுகளும் மங்கின் வாழ்வில் மிகக் கடினமானவை. ஒலிப்பதிவு செய்யவோ, மதுபானம் விற்காத அரங்குகளிலும் வெளியூர்களிலும் வாசிக்கவோ தடை இல்லை. ஆயினும் தம் சொந்த நகரின் பெயர்பெற்ற விடுதிகளில், தம்மிடம் கற்றவர்கள் புகழ் பெற்றுக்கொண்டிருந்தபோது, இவரால் மேடையேற இயலவில்லை. மனைவி நெல்லியின் உழைப்பே பெரும்பாலும் குடும்பத்தைத் தாங்கியது. வீட்டிலிருந்த பியானோவில் புதிய உருப்படிகளை இயற்றியும், தேடி வந்த இளங்கலைஞர்களுக்குக் கற்பித்தும் மங்க் இக்காலத்தைக் கழித்தார்.

1952 இல் இவர் பிரெஸ்டீஜ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். 1954 இல் பாரிஸ் நகருக்குச் சென்றபோது, பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் வழியாகப் பன்னோனிகா டி கோனிக்ஸ்வார்ட்டர் என்னும் சீமாட்டியின் அறிமுகம் கிடைத்தது. ரோத்சைல்டு வங்கிக் குடும்பத்தில் பிறந்த இவர், மங்கின் இறுதிக்காலம் வரை அவருக்குத் துணை நின்றார். 'பன்னோனிகா' என்ற உருப்படி இவர் பெயரால் அமைந்ததே.

ரிவர்சைட் பதிவுகளும் ஃபைவ் ஸ்பாட் மேடையும்

1955 இல் ரிவர்சைட் நிறுவனம் மங்கின் ஒப்பந்தத்தைப் பிரெஸ்டீஜிடமிருந்து பெற்றது. அதற்காகக் கொடுக்கப்பட்ட தொகை, மங்க் வாங்கியிருந்த முன்பணமான சுமார் 108 டாலர் மட்டுமே. தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ், மங்கின் இசை கடினமானது என்ற எண்ணத்தைப் போக்கும் பொருட்டு, முதலில் டியூக் எலிங்டனின் உருப்படிகளை வாசிக்கச் செய்து வெளியிட்டார். 1956 இன் இறுதியில் பதிவு செய்யப்பட்ட 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' தொகுப்பே மங்கைப் பற்றிய கருத்தை மாற்றியது. அதன் தலைப்பு உருப்படி 22 தாளக்கட்டுகள் கொண்ட வழக்கத்துக்கு மாறான சுற்றால் ஆனது. ஒரு சுற்று மெதுவாகவும் அடுத்த சுற்று இருமடங்கு விரைவிலும் செல்வது. சன்னி ரோலின்ஸ், மாக்ஸ் ரோச் போன்ற தேர்ந்த கலைஞர்கள் 25 முறை முயன்றும் முழுமையான ஒரு பதிவு கிட்டவில்லை. முடிவில் பல முயற்சிகளின் பகுதிகளை ஒட்டியே அது உருவாக்கப்பட்டது.

1957 இல் மங்குக்கு உரிம அட்டை மீண்டும் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலையில் மன்ஹாட்டனின் கூப்பர் ஸ்கொயர் பகுதியிலிருந்த ஃபைவ் ஸ்பாட் என்னும் சிறிய விடுதியில் இவரது குழு வாசிக்கத் தொடங்கிப் பல மாதங்கள் தொடர்ந்தது. குழுவில் சாக்சபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். போதைப் பழக்கத்தால் மைல்ஸ் டேவிசின் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, அப்பழக்கத்தை அப்போதுதான் விட்டொழித்திருந்த கோல்ட்ரேன், மங்கின் வீட்டுக்குச் சென்று ஒவ்வோர் உருப்படியையும் அவரிடமே கற்றார். கோல்ட்ரேன் வாசிக்கும்போது மங்க் பியானோவை விட்டு எழுந்து மேடையில் சுழன்று ஆடுவதும், பாஸ், டிரம்ஸ் இரண்டின் துணையோடு மட்டும் அவரை நெடுநேரம் வாசிக்க விடுவதும் வழக்கமாயின. கோல்ட்ரேனின் பிற்கால இசைத் தேடலுக்கு இம்மாதங்கள் திருப்புமுனையாக அமைந்தன என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எழுத்தாளர்களும் ஓவியர்களும் நிறைந்த அவையினர் இரவுதோறும் திரண்டனர். பத்தாண்டுகளாக அறியப்படாதிருந்த மங்க், 40 ஆம் வயதில் புதிய கலைஞர் போலப் பேசப்பட்டார்.

இந்த மீட்சியும் இடையூறின்றி நீடிக்கவில்லை. 1958 அக்டோபரில் பால்ட்டிமோர் நகருக்குச் செல்லும் வழியில், டெலவேர் மாநிலத்தின் நியூ காசில் பகுதியில் தண்ணீர் குடிக்க இறங்கிய மங்க், காவலரின் வினாக்களுக்கு விடையளிக்காததால் தாக்கப்பட்டார். இந்நிகழ்வை அடுத்து அவர் மீண்டும் உரிம அட்டையை இழந்தார். 1960 இல்தான் அதைத் திரும்பப் பெற்றார். இடையில் 1959 பெப்ரவரியில் நியூ யார்க்கின் டவுன் ஹால் அரங்கில், ஹால் ஓவர்டன் ஒழுங்கமைத்த பெரிய குழுவுடன் தம் உருப்படிகளை வாசித்தார்.

இசை நடை

மங்க் விரல்களை வளைக்காமல் தட்டையாக நீட்டிக் கட்டைகளின் மேல் அடித்து வாசித்தார். மேலைச் செவ்வியல் பியானோ பயிற்சியில் இது பிழையாகக் கருதப்படுவது. இவர் அடிக்கடி அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருசேர அழுத்துவார். பின்னர் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் ஒலிக்கச் செய்வார். வீணையிலோ குரலிலோ இயல்வது போலச் சுரத்தை வளைத்துக் கமகம் தர பியானோவில் வழியில்லை. கட்டைகளின் சுருதி நிலையானது. இரு சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலி இருப்பதான உணர்வை மங்கின் இந்த உத்தி உண்டாக்குகிறது. புளூஸ் பாடகர்களின் வளையும் குரலைப் பியானோவில் கொணரும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

முழுச்சுர இடைவெளிகளால் மட்டும் ஆன ஆறு சுர வரிசையை இவர் மேலிருந்து கீழாக விரைந்து இழைப்பது இவரது அடையாளங்களுள் மற்றொன்று. கருநாடக இசையில் கோப்பிரியா இராகத்தின் சுரங்கள் இதே அமைப்புடையவை. இடக்கையில் இவர் கையாண்ட நடை பழமையானது. ஹார்லெமில் 1920களில் ஓங்கியிருந்த 'ஸ்டிரைட்' பாணியை, குறிப்பாக ஜேம்ஸ் பி. ஜான்சனின் வாசிப்பை, மங்க் கடைசிவரை கைவிடவில்லை. புதுமையாளர் எனப்பட்ட இவரது தனி வாசிப்புப் பதிவுகளில் அரை நூற்றாண்டுப் பழைய பாணி துலக்கமாகக் கேட்பது குறிப்பிடத்தக்கது.

இவரது உருப்படிகள் சிறிய கருவிலிருந்து வளர்பவை. 'தெலோனியஸ்' என்ற உருப்படியின் மெட்டு பெரும்பாலும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன் கீழ் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே செல்வது. 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' பன்னிரண்டு தாளக்கட்டுகள் கொண்ட எளிய புளூஸ் வடிவம். ஆனால் அதன் சிறு சொற்கட்டு ஒவ்வொரு முறையும் தாளத்தின் வேறு இடத்தில் எடுக்கப்படுவதால், கேட்பவர் எண்ணிக்கையைத் தவறவிடுவர். தாளத்தில் எடுப்பு மாறுவதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். 'எவிடென்ஸ்' உருப்படி 'ஜஸ்ட் யூ, ஜஸ்ட் மீ' என்னும் பழைய பாடலின் சுரக்கூட்டுகளை அடிப்படையாகக் கொண்டு, அதன் மெட்டைச் சில தனித்த ஒலிகளாகக் குறைத்தது.

மனோதர்மமாக வாசிக்கும்போது சுரக்கூட்டுகளை மட்டும் பின்பற்றி மெட்டை மறந்துவிடுவது பீ-பாப் கலைஞர்களின் பொது வழக்கம். மங்க் இதற்கு மாறாக மெட்டையே பற்றிக்கொண்டு, அதனை உடைத்தும் நீட்டியும் வாசித்தார். தம் குழுவினரும் அவ்வாறே செய்ய வேண்டும் என எதிர்பார்த்தார். இன்னும் ஒரு படி மேலே சென்று, மனைவி நோயுற்றிருந்த 1957 இல் இயற்றிய 'கிரெபஸ்குயூல் வித் நெல்லி' உருப்படியில் மனோதர்மத்துக்கு இடமே வைக்கவில்லை. அதை எப்போதும் எழுதியபடியே வாசித்தார்.

புகழும் மௌனமும்

1962 இல் மங்க் கொலம்பியா என்னும் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தார். சாக்சபோன் கலைஞர் சார்லி ரவுஸ் 1959 முதல் 1970 வரை இவரது குழுவில் நிலைத்திருந்தார். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் குழு சுற்றுப்பயணம் செய்தது. 'டைம்' இதழ் இவரது உருவத்தை அட்டைப்படமாக வெளியிட முடிவு செய்திருந்த வேளையில், 1963 நவம்பரில் அதிபர் கென்னடி கொல்லப்பட்டதால் அது தள்ளிவைக்கப்பட்டு, 1964 பெப்ரவரி 28 இதழில் வெளிவந்தது. விதவிதமான தொப்பிகளும், பேச்சுக் குறைவும், மேடை ஆட்டமும் இதழாளர்களை ஈர்த்தன. இசையைப் பற்றி அவர்கள் எழுதியது குறைவே. இவ்வியல்புகள் சிலவற்றின் பின்னே உண்மையான மனநலக் குறைபாடு இருந்தது. 1950களின் இறுதியிலிருந்து மங்க் பலமுறை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்.

ராக் இசை பெருகிய 1960களின் பிற்பகுதியில் விற்பனை குறைந்து, கொலம்பியாவுடனான உறவு முடிவுற்றது. 1971-72 இல் டிசி கில்லெஸ்பி, ஆர்ட் பிளேக்கி ஆகியோருடன் 'ஜயண்ட்ஸ் ஆஃப் ஜாஸ்' குழுவில் உலகச் சுற்றுப்பயணம் செய்தார். 1971 நவம்பரில் இலண்டனில் செய்தவையே இவரது கடைசி ஒலிப்பதிவுக் கூடப் பதிவுகள். 1976 க்குப் பின் இவர் மேடையேறவில்லை. நியூ ஜெர்சியின் வீஹாக்கன் நகரில் பன்னோனிகாவின் வீட்டில் தங்கியிருந்த இறுதி ஆண்டுகளில், அறையில் பியானோ இருந்தும் இவர் அதை ஏறக்குறைய தொடவே இல்லை. இதற்கு உடல்நலமா, மருந்துகளின் விளைவா, வெறும் சலிப்பா காரணம் என்பதில் நண்பர்களின் கூற்றுகள் வேறுபடுகின்றன. 1982 பெப்ரவரி 17 அன்று மூளைப் பக்கவாதத்தால் காலமானார்.

தாக்கம்

மங்கின் செல்வாக்கை இரு வழிகளில் காணலாம். முதலாவது அவரது உருப்படிகள் வழியானது. 1955 இல் நியூபோர்ட் விழாவில் மைல்ஸ் டேவிஸ் 'ரவுண்ட் மிட்நைட்' வாசித்துப் பெற்ற வரவேற்பு, டேவிசின் தொழில்வாழ்வையே உயர்த்தியது. சாக்சபோன் கலைஞர் ஸ்டீவ் லேசி 1958 இல் மங்கின் உருப்படிகள் மட்டும் கொண்ட 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' தொகுப்பைப் பதிவு செய்தார். மங்க் உயிருடன் இருந்தபோதே அவரது ஆக்கங்களைச் செவ்வியல் படைப்புகள் போல ஆராய்ந்து வாசித்தவர் என்பது லேசியின் சிறப்பு. மங்கின் உருப்படிகள் அனைத்தையும் வாசித்து, 2005 இல் 'மங்க்ஸ் கசீனோ' என்னும் பெயரில் வெளியிட்டார் செருமனியப் பியானோ கலைஞர் அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பன்பாக்.

இரண்டாவது, பியானோ வாசிப்பு வழியானது. ரேண்டி வெஸ்டன், ஆண்ட்ரூ ஹில், செசில் டெய்லர், நெதர்லாந்தின் மிஷா மெங்கெல்பர்க், பிற்காலத்தில் ஜேசன் மொரான் ஆகியோரிடம் இதனைத் தெளிவாகக் கேட்கலாம். தமிழ்ப் பெற்றோருக்கு நியூ யார்க் மாநிலத்தில் பிறந்த விஜய் ஐயர் மங்கைத் தம் முதன்மையான முன்னோடிகளுள் ஒருவராகக் குறிப்பிடுகிறார். 2010 இல் வெளியான தம் தனிப் பியானோ தொகுப்பில் 'எபிஸ்ட்ரஃபி'யை வாசித்துள்ளார். மங்கின் நடையைப் போலி செய்வது எளிது. அவ்வாறு செய்தவர்கள் நிலைக்கவில்லை. மேற்கண்டோர் அனைவரும் அவரிடமிருந்து சில ஒழுக்கங்களை எடுத்துக்கொண்டு தத்தம் வழியில் சென்றவர்களே.

1986 இல் மங்கின் பெயரால் ஜாஸ் பயிற்சி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. இளம் கலைஞர்களுக்கு அது நடத்தும் போட்டி பலரின் தொழில்வாழ்வுக்கு வாயிலாயிற்று. 2019 முதல் இந்நிறுவனம் ஹெர்பி ஹான்காக் பெயரில் இயங்குகிறது. 1993 இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருதும், 2006 இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டும் மங்குக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டன. ஷார்லட் ஸ்வெரின் இயக்கிய 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' (1988) ஆவணப்படமும், வரலாற்றாய்வாளர் ராபின் டி. ஜி. கெல்லி 2009 இல் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறும் இவரை அறிய விரும்புவோருக்கு உதவுவன. உலகியல் அறியாத விந்தை மனிதர் என்ற பழைய சித்திரத்தை மாற்றியதில் கெல்லியின் நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

பின்னாளில் வெளிவந்த பதிவுகள்

கோல்ட்ரேனுடன் மங்க் வாசித்த காலத்தின் நல்ல பதிவுகள் மிகச் சிலவே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1957 நவம்பர் 29 அன்று கார்னகி அரங்கில் 'அமெரிக்காவின் குரல்' வானொலி பதிவு செய்த ஒலிநாடாக்கள், 2005 இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு அவ்வாண்டே வெளியிடப்பட்டன. 1968 அக்டோபரில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று மங்க் குழு அப்பள்ளி அரங்கில் வாசித்தது. பள்ளித் துப்புரவுப் பணியாளர் ஒருவர் எடுத்த அதன் ஒலிப்பதிவு 2020 இல் வெளிவந்தது. பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக 1969 இல் பாரிசில் எடுக்கப்பட்டு, ஒளிபரப்பில் சேர்க்கப்படாத காட்சிகளைக் கொண்டு அலென் கோமிஸ் 'ரிவைண்ட் அண்ட் பிளே' (2022) என்னும் படத்தை உருவாக்கினார். 1954 பாரிஸ் நிகழ்ச்சியில் தமக்குக் கிடைத்த ஊதியம் குறைவு என்று மங்க் கூறுவதும், அதை நீக்கிவிடலாம் என நேர்காணல் செய்பவர் கூறுவதும் இப்படத்தில் உள்ளன. பின்னர் மங்க் பேச்சை நிறுத்திப் பியானோவை வாசிக்கிறார்.